வீணை தனம்மாள் அம்மையார்

நவராத்திரி வந்ததும் நம் பாடசாலைகள்தோறும் கலைமகளின் திருவுருவத்துக்கு மாலை சூட்டி வழிபடுகின்றோம். அத்தேவியின் திருக்கரத்தில் விளங்கும் வீணையையே தம் வாழ்வாகக் கொண்டு, முதுமையிலும் வறுமையிலும் அதனைக் கைவிடாது, தாம் பெற்ற செல்வத்தைப் பேரப்பிள்ளைகளின் கையில் ஒப்புவித்துச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை நம் மன்றத்து இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. அவரே வீணை தனம்மாள் அம்மையார்.

அம்மையார் 1867ஆம் ஆண்டு சென்னை ஜோர்ஜ் டவுனில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை அரசவையில் ஆடலும் பாடலும் வளர்த்தவர்கள். பாட்டியார் காமாட்சி அம்மாள் நடனத்தில் வல்லவர். அன்னையார் சுந்தரம்மாள் இசையிற் சிறந்தவர். ஆகவே, ஏடும் எழுதுகோலும் கொண்டு படிக்கும் முன்னரே குழந்தையின் செவியில் இசை புகுந்துவிட்டது. வீட்டிற் பெற்றது போதாதென்று, தக்க ஆசிரியர்களை நாடியும் கற்றார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும், க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பாலதாஸ் நாயுடுவிடமும் பயின்றார். சியாமா சாஸ்திரிகளின் உருப்படிகள் அவர்தம் பரம்பரையினர் வழியாக இக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. ஜாவளிகள் இயற்றிய தர்மபுரி சுப்பராயரும் அம்மையாரின் இசையைப் பெரிதும் மதித்தவர்.

அவர் வீணை வாசித்த முறை தனித்தன்மை வாய்ந்தது. தந்தியை மெல்ல மீட்டி, கூடவே தாமும் பாடுவார். ஓசை பெருக்கிக் கூட்டத்தை மயக்கும் நோக்கம் அவரிடத்தில் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவருடைய இல்லத்தில் நிகழ்ந்த வாசிப்பைக் கேட்க இசைவாணரும் சுவைஞரும் திரண்டு வருவர். மிருதங்க முழக்கம் இன்றி, நுண்ணிய கமகங்கள் ஒவ்வொன்றும் செவியிற் படும்படி அந்த இசை நடைபெறும். வந்தோர் பேச்சொழிந்து அமர்ந்திருப்பர். பெரிய சபைகளில் வாய்விட்டுப் பாடிப் புகழ்பெற்ற வித்துவான்களும் அங்கே மாணாக்கர்போல் அடங்கியிருந்து கேட்டனர்.

பெயரில் தனம் இருந்ததேயன்றி, பொருளாகிய தனம் அம்மையாரிடம் நிலைத்து நின்றதில்லை. பெரிய குடும்பமும் தாராள மனமும் கைப்பொருளைக் கரைத்தன. முதுமையிற் கண்ணொளியும் மங்கிப் போயிற்று. ஆயினும் விரல்கள் வழியறிந்திருந்தன. கூட்டத்தின் விருப்பத்துக்கிசைந்து தம் இசையைத் தளர்த்த அவர் உடன்படவில்லை. 1930களின் முற்பகுதியில் அவருடைய வாசிப்புச் சில இசைத்தட்டுகளிற் பதிவாயிற்று. ஒவ்வொன்றும் சில நிமிட அளவினதே. எனினும் அவற்றை இன்றும் இசை பயில்வோர் தேடிக் கேட்கின்றனர்.

இனி, அவர் பாட்டியாராக விளங்கிய பெருமையைச் சொல்லுதல் வேண்டும். இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என அவருக்குப் பெண்மக்கள் நால்வர். இவர்களுள் கடைசி மகளுக்கு வழங்கிய பெயர் அம்மையாரின் பாட்டியார் பெயரே. பேரன், பேர்த்தி என்னும் சொற்கள் பெயரைத் தாங்கி வருவோர் என்ற பொருளிற் பிறந்தவை. அக்குடும்பத்திலோ பெயரோடு கலையும் கூடவே வந்தது. காமாட்சியின் பிள்ளைகளாகிய பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி ஆகியோரும், ஜயம்மாளின் பிள்ளைகளாகிய பாலசரஸ்வதி, ரங்கநாதன், விசுவநாதன் ஆகியோரும் யாழ்ப்பாணத்து வழக்கிற் கூறினால் அம்மம்மாவின் வீட்டு இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அங்கே கரும்பலகையில்லை, பரீட்சையில்லை. ஆனால் ஒரு சுரம் தன் இடத்தை விட்டு விலகினால் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டியாரின் செவிக்குத் தப்பாது. அதனினும் கடிய பரீட்சை எது?

அந்தப் பயிற்சியின் பயனை உலகம் பின்னர் கண்டது. பாலசரஸ்வதி 1925இல், தம் ஏழாவது வயதில், காஞ்சி மாநகரில் அரங்கேறினார். அன்னையார் ஜயம்மாள் பாட, குடும்பத்தில் வழிவழி வந்த பதங்களுக்கு அவர் அபிநயம் பிடித்த அழகு கீழ்நாட்டினரையும் மேல்நாட்டினரையும் கவர்ந்தது. சென்னைச் சங்கீத வித்துவ சபை 1973இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. அதே விருது 1976இற் பிருந்தாவுக்கும், 1988இற் புல்லாங்குழல் விசுவநாதனுக்கும் கிடைத்தது. பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடிய பதங்களை முதிர்ந்த வித்துவான்களும் கற்க விழைந்தனர். விசுவநாதனும் மிருதங்கம் ரங்கநாதனும் அமெரிக்க நாட்டிற் பல்லாண்டு இசை கற்பித்தனர். இவ்விருதுகளுள் எதனையும் காணாமலே, 1938ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

இவ்விடத்தில் நாம் மறைக்கலாகாத உண்மையொன்றுண்டு. அம்மையார் தோன்றியது தேவதாசி மரபில். அம்மரபினர் பெற்ற இழிசொல் கொஞ்சமன்று. நம் நாவலர் பெருமானும் திருக்கோயில்களில் நடந்த சதிராட்டத்தைக் கண்டித்தவரே. பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தாற் தடுக்கப்பட்டது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. பெண்ணின் வாழ்வைப் பிறர் விலைபேசுதல் எக்காலத்தும் அறமாகாது. ஆயினும், பழியை அப்பெண்கள் தலையிற் சுமத்திவிட்டு, அவர்கள் காத்துத் தந்த கலையை மட்டும் நமதென்று கொண்டாடுதல் முறையாகுமா? மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் அக்கடமி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. இன்று நம் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே மதிப்போடு வீணையும் நடனமும் பயில்கின்றனர். அம்மதிப்பைத் தாம் பெறாமலே, அக்கலையை அழியாது காத்தவர்களுள் தனம்மாள் அம்மையாரும் ஒருவர். அவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அக்கடனை எங்ஙனம் தீர்ப்பது? பெரியோர்களே, உங்கள் நெஞ்சில் உள்ள ஊஞ்சற் பாட்டும் தாலாட்டும் புராணபடன முறையும் உங்களோடு மறைந்து போக விடாதீர்கள். இளைஞர்களே, உங்கள் அம்மம்மாவும் அப்பம்மாவும் ஒரு வேளை தனித்திருக்கக் காண்பீர்கள். போர்க்காலத்திற் சிதறிய நம் குடும்பங்களிற் பேரப்பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அவர்கள் குரலையேனும் தொலைபேசியிற் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலையிற் சற்று நேரம் அவர்கள் அருகே அமர்ந்து, தெரிந்த பாட்டொன்றைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். குரல் நடுங்கினாலும் கேளுங்கள். பிழையின்றித் திருப்பிப் பாடிக் காட்டுங்கள்.

ஜோர்ஜ் டவுனில் ஒளிமங்கிய கண்களோடு அமர்ந்திருந்த அந்த மூதாட்டியாரின் இல்லத்தில் நிகழ்ந்ததும் அதுவே. பேரப்பிள்ளைகள் கேட்டார்கள், ஆதலால் அவருடைய இசை இன்றும் வாழ்கின்றது.