ரபதாவில் அடங்கியிருக்கும் அபூதர் (ரலி)

மக்காவிலிருந்து ஷாம் தேசத்துக்குச் செல்லும் வணிகப் பாதையை ஒட்டி வாழ்ந்தவர்கள் கிஃபார் கூட்டத்தார். வழிமறித்துக் கொள்ளையிடுவதில் பெயர் பெற்றவர்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்தவர்கள்தாம் ஜுன்துப் இப்னு ஜுனாதா என்னும் ஹஜ்ரத் அபூதர் கிஃபாரீ (ரலி) அவர்கள். பிறர் பொருளைப் பறித்துப் பிழைத்த கூட்டத்திலிருந்து, தம் பொருளையே பாரமாக எண்ணிய ஒருவரை அல்லாஹ் எழுப்பினான்.

இஸ்லாத்தில் நுழைந்த முதல் சிலரில் அவர்களும் ஒருவர். கஅபாவின் அருகில் கலிமாவை உரக்க மொழிந்ததற்காகக் குறைஷிகள் அவர்களை அடித்து வீழ்த்தினர். அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓடிவந்து, நம் வணிகக் கூட்டங்கள் கிஃபாரின் வழியாகத்தானே போகவேண்டும் என்று நினைவூட்டிய பின்பே விட்டனர். இரக்கத்துக்குப் பணியாதவர்கள் வியாபாரத்துக்குப் பணிந்தார்கள்!

ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுத்துவதையும் அவர்களுக்கும் கொடுங்கள் என்று போதித்தார்கள். அன்று முதல் அபூதர் (ரலி) அவர்கள் தம் அடிமைக்கும் தம்மைப் போலவே ஆடை அணிவித்தார்கள். இருவரில் எஜமானர் யார் என்று பார்ப்பவர்கள் திகைத்தார்கள். மற்றொரு நாள் உஹது மலை எதிரே தெரிய இருவரும் நடந்துகொண்டிருந்தபோது, இம்மலை அளவு பொன் இருந்தாலும், கடனுக்கென்று வைப்பதைத் தவிர, மூன்று இரவுக்குமேல் ஒரு தீனாரும் தம்மிடம் தங்குவதை விரும்பவில்லை என்று அண்ணலார் சொன்னார்கள். அந்தச் சொல்லை அபூதர் (ரலி) அவர்கள் ஆயுள் முழுவதும் பிடித்துக்கொண்டார்கள்.

நாயகத்தின் மறைவுக்குப் பின் ஜகாத் கொடுக்க மறுத்தவர்களோடு ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரீ 11-ல் (கி.பி. 632) போர் செய்தார்கள். செல்வரின் பொருளில் ஏழைக்குள்ள பங்கு தர்மமல்ல, உரிமை என்பது அப்போதே முடிவாகிவிட்டது. தீராமல் நின்ற கேள்வி வேறு. நாற்பதில் ஒன்றைக் கொடுத்த பிறகு மீதி முப்பத்தொன்பது யாருடையது?

ஷாமில் வெற்றிப் பொருள் வந்து குவிந்தபோது அக்கேள்வி வெடித்தது. பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைத்து, அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களை எச்சரிக்கும் ஸூரத்துத் தவ்பாவின் 34-வது ஆயத் வேதக்காரர்களைக் குறித்தது என்றார்கள் கவர்னராயிருந்த முஆவியா (ரலி) அவர்கள். அவர்களையும் குறிக்கும், நம்மையும் குறிக்கும் என்றார்கள் அபூதர் (ரலி) அவர்கள். பைத்துல்மாலிலிருந்து தமக்கு வந்த மானியத்தில் ஓராண்டுத் தேவைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். தாம் செய்யாததைப் பிறருக்குச் சொல்லவில்லை.

எனினும் ஸஹாபா பெருமக்களில் பெரும்பாலோர் இக்கருத்தை ஏற்கவில்லை. ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் குவித்துவைத்த பொருளாகாது என்பதே இப்னு உமர் (ரலி) அவர்களின் விளக்கம். உலமாக்களும் அதையே சட்டமாகக் கொண்டனர். எல்லாப் பொருளையும் கொடுத்தே தீரவேண்டுமென்றால் வாரிசுரிமைச் சட்டம் எதற்கு? தபூக் படைக்கு வாரி வழங்கிய உதுமான் (ரலி) அவர்களும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் செல்வந்தர்கள்தாமே? சட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் ரமலானில் கணக்குப் பார்த்து இரண்டரை சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, அடுத்த வீட்டு அடுப்பு எரியாததைக் காணாதவர்போல் இருக்கும் நமக்கு அந்தச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியுமா? அங்கே அபூதர் (ரலி) அவர்கள் குறுக்கே நிற்கிறார்கள்.

சென்ற நூற்றாண்டில் சோஷலிசம் பேசிய சிலர் அவர்களைத் தங்கள் முன்னோடி என்றனர். இது பொருந்தாது. முஆவியா (ரலி) அவர்களின் முறையீட்டின்பேரில் கலீபா உதுமான் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வரவழைத்தார்கள். அங்கே மக்கள் கூடிக் கூடி மொய்க்கவே, சற்று ஒதுங்கி இருக்கலாமே என்று கலீபா கருத, ரபதா என்னும் பாலைவன ஊருக்குப் போனார்கள். கூபாவாசிகள் சிலர் அங்கே வந்து, கலீபாவுக்கு எதிராகக் கொடி பிடிக்க அழைத்தபோது ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். செல்வரின் மனத்தை உலுக்கினார்களே தவிர, செல்வரின் கதவை உடைக்கச் சொல்லவில்லை.

ஹிஜ்ரீ 32-ல் (கி.பி. 652-53) மரணம் நெருங்கியது. கபனுக்குப் போதிய துணியில்லையே என்று மனைவியார் அழுதார்கள். வழியில் வரும் கூட்டத்தாரை எதிர்பார்த்திருக்கச் சொன்னார்கள். அரசாங்கப் பதவி வகித்த எவரும் தமக்குக் கபன் அளிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். வந்த கூட்டத்தில் அந்த நிபந்தனைக்கு உட்பட்டவர் அன்சாரி இளைஞர் ஒருவரே. தம் தாய் நெய்த துணியை அவர் கொடுத்தார். இராக்கிலிருந்து வந்துகொண்டிருந்த அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்பது பிரபலமான அறிவிப்பு. ரபதாவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.