தீட்சிதர் கற்றதும் கற்பித்ததும்

மாலை மங்கி விளக்கேற்றும் வேளையிலே யாழ்ப்பாணத்துக் கிராமத்து ஒழுங்கைகளில் நடப்போர்க்கு ஓர் ஓசை மிகவும் பழக்கமானது. ஏதோ ஒரு வீட்டு விறாந்தையிலே சுருதிப்பெட்டி ஒலிக்கும். பிள்ளையொன்று சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும். எதிரே சங்கீத ஆசிரியர் தொடையிலே தாளமிட்டுக்கொண்டிருப்பார். இவ்வாறு வீட்டிலிருந்தே கற்று, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றியோர் நம் சங்கத்திலும் பலர் உளர். நாமும் அவருள் ஒருவரே. பகலிலே மிஷன் பாடசாலையிற் பியானோவுக்கிசைய ஆங்கிலக் கீதங்களைப் பாடிவிட்டு, மாலையிலே பாயிலமர்ந்து மாயாமாளவகௌளையிலே ஸ்வரம் பயின்றோம்.

அறிமுறைப் பத்திரத்திலே 72 மேளகர்த்தாக்களையும் ஏழு தாளங்களின் அங்கங்களையும் பிழையின்றி எழுதினோம். நல்ல புள்ளிகளும் பெற்றோம். பின்னர் ஒருநாட் கோயிற் றிருவிழாவிலே, நாதசுரத்தில் எழுந்த இராகம் யாதென்று அருகிலிருந்த முதியவர் ஒருவர் நம்மை வினவினார். விடை கூறமாட்டாது விழித்தோம். ஒரு பரீட்சையும் எழுதாத அம்முதியவரோ புன்னகையோடு அதன் பெயரைச் சொன்னார். எழுதத் தெரிந்தது கேட்கத் தெரியவில்லையே என்னும் வெட்கம் அன்று முதல் நம்மை விடவில்லை. இசையை எவ்வாறு கற்றல் வேண்டும் என்னும் வினாவுடன் பெரியோர் வரலாறுகளை ஆராயப் புகுந்தபோது, முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வே நமக்குத் தெளிவான விடையாகத் தோன்றிற்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

கருநாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகள் எனப் போற்றப்படும் சியாமா சாஸ்திரிகள், தியாகராச சுவாமிகள், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் சோழநாட்டுத் திருவாரூரிலே பிறந்தவர்கள். மூவருள் இளையவர் தீட்சிதர். மன்மத வருடம் பங்குனி மாதம், அஃதாவது 1776இலே, முருகப் பெருமானுக்குரிய கார்த்திகை நட்சத்திரத்திலே அவதரித்தார். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய பெற்றோர் புள்ளிருக்குவேளூரிலே தவங்கிடந்து பெற்ற பிள்ளையாதலின், அத்தலத்து முத்துக்குமாரசுவாமியின் திருநாமமே பிள்ளைக்கு வாய்த்தது.

தீட்சிதரின் முதலாசிரியர் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் (1735–1817). அத்தந்தையார் தாம் கற்ற வரலாறே நம்மனோர்க்கு ஒரு பாடமாகும். அவர் முதலிலே வீரபத்திரையர் என்னும் வித்துவானிடம் பாடப் பயின்றார். பாடத் தெரிந்தபின்னும் மனம் அமையவில்லை. இராகங்கள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை வகுக்கும் நெறி யாது என்றறிய விழைந்தார். 17ஆம் நூற்றாண்டிலே தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி என்பார், ஸ்வரங்களைக் கணக்கிட்டு 72 மேளங்களை வகுத்து, சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலை இயற்றியிருந்தார். அம்மரபிலே வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரைத் தேடிச்சென்று, இராமசுவாமி தீட்சிதர் வீணையும் இராக இலக்கணமும் கற்றார். பாட்டை ஓராசிரியரிடமும், அப்பாட்டின் இலக்கணத்தை மற்றோராசிரியரிடமும் பெற்ற அவர், இரண்டையும் தம்முள்ளே ஒன்றாக்கினார். இன்று நம் மேடைகளிலே கச்சேரி தொடங்கும்போது பெரிதும் ஒலிக்கும் ஹம்சத்வனி இராகம் அவர் கண்டதென்று கூறுவர்.

அத்தகைய தந்தையிடம் முத்துசுவாமி வேதமும் காவியமும் கற்றார். வாய்ப்பாட்டும் வீணையும் பயின்றார். மேளங்களின் இலக்கணத்தை இலக்கண கீதங்களாகவே பாடிப் பாடி மனத்திருத்தினார். இவ்விடத்தை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். இலக்கண கீதம் என்பது ஓர் இராகத்தின் விதிகளை அவ்விராகத்திலேயே பாடிக் காட்டும் பாட்டு. விதியைச் சொல்லும் வாயே அதன் ஒலியையும் சொல்லும். கேட்கும் செவி இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும். அறிமுறை ஒரு நாள், செய்ம்முறை மறுநாள் என்னும் பிரிவு அவ்வீட்டிலே இருக்கவில்லை. நம் பாடநூல்களிலே முதல் மேளம் கனகாங்கி என்று படிக்கின்றோம். தீட்சிதர் வழியிலோ அது கனகாம்பரி. கனகாங்கி முறையிலே ஏழு ஸ்வரங்களும் ஏறியும் இறங்கியும் நிரலாக வரவேண்டும். கனகாம்பரி முறையிலோ, ஓர் இராகம் வழக்கிலே எவ்வாறு நடந்ததோ அந்நடைக்கே முதலிடம். கணக்கு செவிக்குப் பணிந்த முறை அது என்னலாம்.

இளமைப் பருவத்திலே அவர் குடும்பம் சென்னைக்கு அண்மையிலுள்ள மணலிக்குச் சென்றது. முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் அவர்களை ஆதரித்தார். அங்கே ஜோர்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. அந்நிய இசையென்று அவ்வீட்டார் காதை மூடிக்கொள்ளவில்லை. தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பிய ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் கற்று, அதனை நம் சங்கீதத்துக்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார். முத்துசுவாமியோ அம்மெட்டுக்களிற் சிலவற்றை எடுத்து வடமொழியிலே தெய்வத் துதிகள் புனைந்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும் இவை ஏறத்தாழ 40 ஆகும். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டிலே அம்பிகையைப் போற்றிய பாடலும் அவற்றுள் ஒன்று. நம் பாட்டனார் காலத்திலே, 1948இற்கு முன்னர், இந்நாட்டுப் பாடசாலைகளில் அம்மெட்டு மன்னருக்காக ஒலித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே தீட்சிதர் அதனை அம்பிகையின் பாதத்திலே சேர்த்துவிட்டார். பகலிலே பியானோவும் மாலையிலே சுருதிப்பெட்டியும் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி பெரும் ஆறுதலாயிற்று. பிறர் இசையைக் கேட்டதனால் அவர் தம் இசையை இழக்கவில்லை.

மணலியிலிருந்தபோது சிதம்பரநாத யோகி என்னும் துறவி அவ்வீட்டுக்கு எழுந்தருளினார். முத்துசுவாமியின் இயல்பைக் கண்டு, அவரைக் காசிக்கு உடன் அனுப்புமாறு வேண்டினார். மகனைப் பிரியத் தந்தை மனம் ஒருப்படவில்லை. எனினும் ஈற்றிலே இசைந்தார். தந்தை இலக்கணம் தந்தார். யோகி சாதனை தந்தார். காசியிலே சில ஆண்டுகள் வாழ்ந்து யோகமும் வேதாந்தமும் மந்திர சாத்திரமும் பயின்றார். வடநாட்டு இசையும் அங்கே அவர் செவிக்கு எட்டியது. ஹமீர் கல்யாணி, துவிஜாவந்தி முதலிய இராகங்களிலே அவர் செய்த கிருதிகள் அக்கேள்வியின் பயன். யோகியார் கங்கையிலே இறங்கச் சொல்ல, இறங்கிய சீடர் கையிலே வீணையொன்று கிடைத்ததென்பது வழிவழி வரும் செய்தி.

குருவின் மறைவுக்குப்பின் தென்னாடு மீண்ட தீட்சிதர் திருத்தணிகைக்குச் சென்றார. அங்கே முதியவர் ஒருவர் எதிர்ப்பட்டு வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டு இட்டு மறைந்தாரென்றும், அவர் முருகப் பெருமானே என்றும் அடியார் நம்புவர். அன்று பிறந்த முதற் கிருதி ஸ்ரீநாதாதி என்பது. அதன் இராகம் யாது? மாயாமாளவகௌளை! நம் ஊர்ப் பிள்ளைகள் முதல்நாள் பாயிலமர்ந்து தொடங்குகின்ற அதே இராகம். அனைத்தும் கற்றுத் தேர்ந்த வித்துவானின் முதற் கிருதி தொடக்கப் பாடத்து இராகத்திலே அமைந்தது. தொடக்கப் பாடத்தை அற்பமென்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக. அன்று முதல் அவர் தம் கிருதிகளிலே குருகுக என்னும் முத்திரையை வைத்தார். குகனே குரு என்பது அதன் பொருள். நல்லூரானை வணங்கும் நமக்கு அம்முத்திரையை விளக்கவும் வேண்டுமோ?

பின்னர்க் காஞ்சியிலும் திருவாரூரிலும் தஞ்சையிலும் வாழ்ந்து, தலந்தோறும் சென்று பாடினார். அவருடைய கிருதிகள் பெரும்பாலும் வடமொழியின. விளம்ப காலத்திலே, வீணையின் கமகங்களோடு, யானை நடைபோல நிதானமாகச் செல்வன. பலவற்றிலே இராகத்தின் பெயர் சாகித்தியத்துள்ளேயே பொருளோடு பொருந்தி நிற்கும்.

சுத்தமத்தளம் தம்பியப்பன் என்பார் திருவாரூர்க் கோயிலிலே மத்தளம் வாசித்தவர், தீட்சிதரின் மாணாக்கர். கொடிய வயிற்று நோயால் அவர் துன்புற்றபோது, குருபகவானின் அருள் வேண்டித் தீட்சிதர் அடாணா இராகத்திலே ஒரு கிருதி செய்து பாடுவித்தாரென்றும், நோய் தீர்ந்ததென்றும் கூறுவர். ஞாயிறு முதற் சனி ஈறாக ஏழு கிழமைக் கோள்களுக்கும் அமைந்த அக்கிருதிகளின் தாளங்களை நிரலே எடுத்து நோக்கினால் வியப்புண்டாகும்: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். நாம் அலங்காரங்களிலே பயிலும் சூளாதி ஏழு தாளங்களும் அதே வரிசையில் உள்ளன. நோயுற்ற மாணாக்கன்மேல் வைத்த இரக்கமும், மத்தளக்காரனுக்கு வேண்டிய தாள இலக்கணமும், இறைவழிபாடும் ஒரே தொகுதியாயின. நாம் பத்திரத்திலே அங்கக் குறிகளாக எழுதிய அந்த ஏழும் அவரிடத்திலே உயிர்பெற்ற பாட்டாக நின்றன.

அவர் யாருக்குக் கற்பித்தார் என்பதே இவ்வரலாற்றின் முடிமணி. அவர் பிறந்தது வேதம் ஓதும் அந்தணர் குடி. அக்காலத்திலே சாத்திரங்கள் குலத்துக்குள்ளே பூட்டிவைக்கப்பட்டன. எனினும் அவரிடம் பயின்றோருள் மேற்சொன்ன மத்தள வித்துவான் இருந்தார். திருவாரூர்க் கமலம் முதலிய ஆடல் மகளிர் இருந்தனர். நட்டுவனார் குலத்துச் சகோதரர்களாகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வரும் இருந்தனர். தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற இவர்களே அலாரிப்பு முதல் தில்லானா ஈறாகப் பரதநாட்டிய நிகழ்ச்சி முறையைச் செம்மை செய்தவர்கள். நால்வருள் வடிவேலு வயலினிலே வல்லவராகித் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834இலே தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று யாழ்ப்பாணத்திலே ஒரு பெண்பிள்ளை சலங்கை கட்டி அரங்கேறும்போது, தீட்சிதர் அன்று குலம் பாராது கற்பித்ததன் பயனும் அம்மேடையிலே நிற்கின்றது.

இதனைப் படிக்கும் மூத்தோரும் இளையோரும் தம் நெஞ்சைத் தொட்டு ஒன்று வினவல் வேண்டும். கோயில் வீதியிலே விடிய விடிய மேளக்கச்சேரி கேட்டுத் தலையசைத்த நாம், அவ்வித்தையைத் தந்த குடும்பத்தாரை நம் வீட்டு விறாந்தையிலே சமமாக இருத்த நெடுங்காலம் தயங்கினோம். அத்தயக்கம் முற்றாக நீங்கிவிட்டதா? இசையை வாங்கி ஆளை வாசலிலே நிறுத்துவது தீட்சிதர் வழியன்று.

செல்வத்தை அவர் நாடவில்லை. இறுதியிலே தம்பி பாலுசுவாமி சமஸ்தான வித்துவானாய் விளங்கிய எட்டயபுரத்துக்குச் சென்றார். வழியிலே வறண்ட நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்திலே பாட மழை பொழிந்ததென்பது மக்கள் போற்றும் கதை. 1835இலே, மீண்டும் ஒரு மன்மத வருடத்திலே, தீபாவளித் திருநாளன்று, மாணாக்கர் மீனாட்சியம்மை மேலான கிருதியைப் பாடிக்கொண்டிருக்க, அவருடைய ஆவி பிரிந்தது. அறுபதாண்டு வட்டம் ஒன்று நிறைந்தது. அவர் சமாதி எட்டயபுரத்திலே உள்ளது.

அவர் இசை நமக்கு எட்டியதற்கு இன்னுமொரு கொடை காரணமாயிற்று. பாலுசுவாமியின் மகள்வயிற்றுப் பேரராகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906) குடும்பச் சொத்தாகிய கிருதிகளையெல்லாம் காத்துவந்தார். சின்னசுவாமி முதலியார் என்னும் கிறிஸ்தவ அன்பர், நம் சங்கீதம் அழியாதிருக்க அதனை ஐரோப்பிய ஸ்வரக்குறியிலே எழுதத் தம் பொருளையும் கண்ணொளியையும் செலவிட்டவர். அவர் இடைவிடாது வேண்டியதாலும் எட்டயபுரம் அரசரின் உதவியாலும், சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் 1904இலே தெலுங்கெழுத்தில் வெளிவந்தது. தீட்சிதரின் கிருதிகள் 229 அதிலே ஸ்வரப்படுத்தப்பட்டுள்ளன. சென்னைச் சங்கீத வித்வத் சபை பின்னர் அதனைத் தமிழெழுத்திலும் வெளியிட்டது. நூல் வெளிவருமுன்னரே முதலியார் காலமானார். ஓர் இந்துக் குடும்பத்தின் பொக்கிஷத்தைத் திறந்து உலகுக்களிக்க ஒரு கிறிஸ்தவர் தம் கண்ணைத் தந்தார் என்பதை, மிஷன் பாடசாலையிலே கற்ற நாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

இளைஞர்காள்! ஆசிரியரிடம் சென்று இசை கற்பீராயின் இலக்கணத்தை வெறுக்கவேண்டா. அதனைப் பாட்டிலே தேடுங்கள். பரீட்சை எழுதுங்கள், அதன்பின் திருவிழாவிலே முதியவர் ஒருவரின் அருகே அமர்ந்து நாதசுரம் கேளுங்கள். கற்றதை அயல்வீட்டுப் பிள்ளைக்கும், எக்குலத்துப் பிள்ளையாயினும், விறாந்தையிலே பாய் விரித்துச் சொல்லிக்கொடுங்கள். பெரியோர்காள்! அப்பாயிலே யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்று வரையறை செய்யாதீர்கள். குகனே குருவாயின், அவன்முன் எல்லாரும் மாணாக்கரே.