சித்தாந்த தீபம் ஏற்றிய நல்லசாமிப் பிள்ளை

சேர்வராயன் மலையுச்சிக் குகையில் சேர்வராயரையும் காவேரி அம்மனையும் தொழும் மலைவாழ் மக்கள் தம் தெய்வத்துக்குச் சான்று தேடுவதில்லை. வழிவழி வந்த வழிபாடே அவர்களுக்குப் போதுமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சமவெளி நகரங்களில் ஆங்கிலங் கற்ற சைவ வாலிபர்களின் நிலையோ வேறு. கோயிலுக்குச் செல்லும் வழக்கம் இல்லத்தில் இருந்தது. ஏன் செல்கிறோம் என்று கல்லூரியில் வினவினால் விடை கூறத் தெரியாது. விடை கூறும் சித்தாந்த சாத்திரங்கள் அருந்தமிழில் இருந்தன; அவர்கள் அவற்றைத் தொட்டும் பாரார். இக்குறை தீர்க்க உழைத்தவருள் தலையாயவர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை அவர்கள்.

1864இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த பிள்ளையவர்கள், சட்டம் பயின்று ஜில்லா முன்சீபாகப் பணியாற்றினார்கள். வழக்குகளுக்கு நடுவே கிடைத்த ஓய்வெல்லாம் சித்தாந்தத்துக்கே ஆயிற்று. 1895இல் மெய்கண்ட தேவரின் சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்கள். 12 சூத்திரங்களே கொண்ட சிறு நூல் அது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாய்சிங்டன் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு 1854இலேயே வெளிவந்திருந்தது என்பதை மறைத்தலாகாது. ஆயினும், புறத்தே நின்று நோக்குபவர் எழுதுவதற்கும், நாள்தோறும் திருநீறு அணிபவர் எழுதுவதற்கும் வேறுபாடு உண்டன்றோ? ஞானம் கைவரப் பெற்றவரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்பது அந்நூலின் இறுதிச் சூத்திரம் காட்டும் நெறி. கல்லுக்கும் சுதைக்கும் இத்துணைப் பொருட்செலவு எதற்கு என்று நகைத்த படிப்பாளிகள், தமக்குரிய மறுமொழியைத் தாம் மதித்த மொழியிலேயே கண்டார்கள்.

1897இல் சித்தாந்த தீபிகை என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார்கள். சாத்திரங்களும் தோத்திரங்களும் அதில் ஆங்கிலமாயின, ஜி. யு. போப் ஐயரின் எழுத்துக்களும் இடம்பெற்றன. தமிழ்ப் பதிப்புக்குச் சில காலம் ஆசிரியராய் இருந்தவர், பின்னர் மறைமலையடிகள் எனப் புகழ்பெற்ற வேதாசலம் பிள்ளை அவர்கள். சமயப் பத்திரிகை நடத்துவதன் துன்பம் நடத்தியவர்க்கே தெரியும். 17 ஆண்டுகளில் வெளிவந்த தொகுதிகள் 14. இடையே நின்ற காலமும் உண்டு. நின்றதை மீண்டும் எழச்செய்த உறுதியே பெரிது.

அவ்விதழ்க் கட்டுரைகள் பல 1911இல் நூலுருப் பெற்றன. மறு ஆண்டே ஜெர்மானியப் பாதிரியார் ஷோமெரஸ் சைவ சித்தாந்தம் பற்றித் தம் மொழியில் பெருநூல் வெளியிட்டார். பிறர் கொள்கையை முன்வைத்து ஆராய்ந்து, பின்னரே தன் கொள்கையை நாட்டும் நூல் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார். இருதரப்பும் கேட்டுப் பழகிய நீதிபதிக்கு அது உவப்பாயிருந்ததில் வியப்பில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1913இல் நூலாக வெளியிட்டார்கள். 1914இல் தீபிகை நின்றது. 1920இல் பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினார்கள்.