காமிராவையும் ஆடவைத்த உதயசங்கர்

ஓவியன் மறைந்தாலும் ஓவியம் நிற்கும். ஆடுபவன் மேடையை விட்டு இறங்கினால் ஆட்டமும் அவனோடு மறைந்துவிடும். இக்குறையை வெல்ல முயன்ற பெருங்கலைஞர் ஒருவரின் வாழ்வை இங்கே நாம் சிறிது நோக்குவோம்.

வங்கக் குடும்பத்தில் பிறந்த உதயசங்கர், 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் உதயப்பூரில் தோன்றினார். சித்திரக்கலை பயில 1920-இல் லண்டன் சென்றவரை, ருஷ்ய நாட்டிய அரசி அன்னா பாவ்லோவா 1923-இல் ராதையுடன் ஆடும் கண்ணனாக மேடையேற்றினார். பின்னர்த் தாமே குழு அமைத்து மேல்நாடுகளில் புகழ் ஈட்டினார். தாயகம் திரும்பி, இமயச் சாரலில் அல்மோராவில் கலைக்கூடம் கண்டார். அங்கே பரதம் கற்பித்தவர் பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்பப் பிள்ளை என்பது நமக்குப் பெருமை.

பொருள் முடையால் போர்க்காலத்தில் அக்கூடம் மூடப்பட்டது. உதயசங்கர் சோர்ந்தாரில்லை; சென்னை ஜெமினி ஸ்டூடியோவுக்கு வந்து ‘கல்பனா’ என்னும் ஹிந்திப் படத்தைத் தாமே இயக்கி, தாமே நடித்தார். அது 1948-இல் வெளிவந்தது. தமிழ்ப் படவுலகில் பேர்பெற்ற கே. ராம்நாத் அதன் ஒளிப்பதிவாளர். நம் பத்மினி முதன்முதல் திரையில் தோன்றியதும் அதிலேதான்.

மேடை ஆட்டத்தை அப்படியே படம் பிடித்திருந்தால் அது வெறும் நகலாகவே நின்றிருக்கும். நாடகம் பார்ப்பவர் ஓரிடத்தில் அமர்ந்து பார்க்கிறார். காமிராவோ அருகே செல்லும், விலகும், சாய்ந்தும் நோக்கும். இதனை உணர்ந்த உதயசங்கர், ஆட்டத்தைக் காமிராவின் கண்ணுக்கென்றே அமைத்தார். உருவத்தின் மேல் உருவம் படிந்தது, நிழலும் ஆடியது, மனிதர் இயந்திரங்களைப் போல் அசைந்தனர். காமிரா சாட்சியாக நில்லாமல் ஆட்டத்தில் ஒரு பங்காளியாயிற்று.

படம் பொருள் ஈட்டவில்லை. ஆயினும் அம்முயற்சியை அவர் கைவிடவில்லை. எழுபது வயதை ஒட்டி ‘சங்கர்ஸ்கோப்’ என்னும் காட்சியில் திரையையும் மேடையையும் இணைத்தார். திரையில் ஆடுவோர் அடுத்த கணமே மேடையில் உயிரோடு வந்து நின்றனர்! 1971-இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அப்பெரியார், 1977 செப்டம்பர் 26-இல் கல்கத்தாவில் காலமானார்.

அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2012-இல், புதுப்பிக்கப்பட்ட ‘கல்பனா’ பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. கணவருடன் அப்படத்தில் ஆடிய அமலா சங்கர் தம் முதுமையில் அங்கிருந்து அதைக் கண்டார். கலைக்கூடம் போயிற்று, ஆடிய உடலும் போயிற்று, ஆட்டமோ எஞ்சிநிற்கிறது. வங்கத்தார் கனவு தமிழ் மண்ணில் உருப்பெற்றதை, தாய்மண் விட்டு வாழும் நாம் நன்றியுடன் நினைவோமாக.