கைரோபிராக்டிக்: மளிகைக் கடைக்காரர் தொடங்கிய முதுகெலும்பு வைத்தியம் பட்டப்படிப்பானது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால், பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி மையங்களைப் பார்க்கலாம். முதுகு பிடித்துக்கொண்டால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவைதான்.

ஆனால், முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்துவிட்டுச் செய்பவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள்தான் கைரோபிராக்டர்கள்.

இந்தத் துறையைத் தொடங்கியவர் மருத்துவம் படித்தவர் இல்லை. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காகச் சிறைக்கும் போனவர். யார் அவர்?

தேனீ வளர்ப்பு முதல் வைத்தியம் வரை

டேனியல் டேவிட் பால்மர் 1845 மார்ச் 7 அன்று கனடாவில், டொரண்டோவுக்கு அருகே பிறந்தார். 20 வயதில் அமெரிக்காவுக்குப் போனார். பள்ளி ஆசிரியர் வேலை, தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை என்று பல தொழில்களை முயன்று பார்த்தார்.

1880களில் 'காந்த சிகிச்சை' செய்பவராக மாறி, அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் குடியேறினார்.

1895 செப்டம்பரில் என்ன நடந்தது?

அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட் என்ற கறுப்பினத்தவர். 17 ஆண்டுகளாக அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை. அவருடைய முதுகெலும்பில் இடம் மாறியிருந்த ஓர் எலும்பைத் தள்ளிச் சரிசெய்ததும் காது கேட்டது என்று பால்மர் எழுதினார்.

லில்லார்டின் மகள் பிற்காலத்தில் சொன்ன கதை வேறு. நண்பருடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தன் தந்தையின் முதுகில் பால்மர் புத்தகத்தால் தட்டினார் என்றும், சில நாட்கள் கழித்தே காது கொஞ்சம் நன்றாகக் கேட்டது என்றும் அவர் கூறினார்.

காதின் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போவதில்லை. நேராக மூளைக்குப் போகிறது. அதனால் பால்மரின் விளக்கம் இன்றைய உடற்கூறியலோடு ஒத்துப்போகவில்லை.

கிரேக்க மொழியில் 'கை', 'செயல்' என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்து உருவானதே கைரோபிராக்டிக் என்ற பெயர். 1897இல் பால்மர் தன் பள்ளியைத் தொடங்கினார்.

23 நாள் சிறை

1906இல் உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக, 350 டாலர் அபராதம் அல்லது 105 நாள் சிறை என்று தீர்ப்பு வந்தது. பால்மர் சிறையைத் தேர்ந்தெடுத்தார். 23 நாட்களுக்குப் பிறகு அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். பள்ளி மகன் பி.ஜே. பால்மரின் கைக்குப் போனது.

1913 அக்டோபர் 20 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் டைஃபாய்டு காய்ச்சலால் பால்மர் இறந்தார். அதே ஆண்டில் கான்சஸ் மாநிலம் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியது. கடைசியாக லூசியானா 1974இல் அனுமதித்தது.

மலேசியாவில் படிக்க என்ன வழி?

கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள ஐ.எம்.யூ. பல்கலைக்கழகம் 2010 முதல் நான்கு ஆண்டு கைரோபிராக்டிக் இளங்கலைப் படிப்பை நடத்துகிறது. எஸ்.பி.எம். முடித்ததும் நேரடியாகச் சேர முடியாது. எஸ்.டி.பி.எம்., ஏ-லெவல் அல்லது அடித்தளக் கல்வியை அறிவியல் பாடங்களோடு முடித்திருக்க வேண்டும்.

மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2005இல் வழிகாட்டியது. அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி.

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் (சட்டம் 775) இதை அங்கீகரிக்கப்பட்ட துறையாக ஏற்கிறது. அதன்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சேரும் முன் யோசிக்க வேண்டியவை

இது எம்.பி.பி.எஸ். படிப்பு இல்லை. கீழ்முதுகு வலிக்கு இந்தச் சிகிச்சை ஓரளவு உதவுவதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. ஆனால், பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பே காரணம் என்ற பால்மரின் நம்பிக்கைக்குச் சான்று இல்லை. கழுத்தைத் திருப்பிச் செய்யும் சிகிச்சையில் அரிதாக ரத்தக்குழாய் பாதிக்கப்படும் ஆபத்தும் பேசப்படுகிறது.

எனவே கிள்ளானில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும், படிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரத்தை. சிகிச்சைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழை. பால்மரிடம் இல்லாமல் போனதும் அதுதான்.