பழி சுமந்த பேரறிஞர் ஹாப்கின்

பம்பாய் நகரத்துப் பரேல் என்னும் பகுதியில், முற்காலத்தில் கவர்னர் மாளிகையாக விளங்கிய பெருங்கட்டிடம் ஒன்று உளது. 1925ஆம் ஆண்டு முதல் ஹாப்கின் நிலையம் என்பது அதன் பெயர். அப்பெயர்க்கு உரியவர், இந்நாட்டு மக்களைக் கொள்ளைநோயினின்றும் காக்கும்பொருட்டுத் தம் உடம்பையே முதற்கண் ஈடுவைத்தவர். பின்னர்ப் பத்தொன்பது பேரைக் கொன்றவர் என்னும் பழியை ஐந்தாண்டுகள் சுமந்தவர். அவர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கட்கும், அவர்தம் இல்லத்து இளைஞர்கட்கும் இத்திங்கள் எடுத்துரைக்க விழைகின்றோம்.

வால்டிமர் ஹாப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள், அந்நாளில் ருஷியப் பேரரசின்கீழ் இருந்த ஒடேசா என்னும் கருங்கடல் துறைமுக நகரில், யூதர் குடியிற் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாவ் என்னும் பேராசிரியரிடம் உயிர்நூல் பயின்றார். யூதநெறியைக் கைவிட்டு ருஷியத் திருச்சபையைத் தழுவினாலன்றிப் பேராசிரியர் பதவி கிட்டாது என்பது அந்நாட்டு நிலை. பதவிக்காக முன்னோர் நெறியை விற்க ஹாப்கின் இசைந்திலர். 1888இல் நாடு நீங்கி ஜினீவா சென்றார்; மறு ஆண்டு பாரிஸ் அடைந்தார். பாஸ்டர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிட்டிய இடம் புத்தகசாலை உதவியாளர் வேலை ஒன்றே. அதனை அவர் இழிவாகக் கருதவில்லை. வேலை ஒழிந்த நேரமெல்லாம் நுண்கிருமி ஆராய்ச்சியிலேயே கழிந்தது.

வாந்திபேதிக் கிருமியை ஒரு கினிப் பன்றியின் வயிற்றறையினின்று மற்றொன்றன் வயிற்றறைக்கு மாறி மாறிச் செலுத்தி, அதன் வீறு மிகுமாறு செய்தார். வேறொரு பகுதியை வெப்பத்தாலும் காற்றாலும் மெலிவித்தார். முதலில் மெலிந்ததனையும், சில நாள் கழித்து வீறுடையதனையும் ஊசிவழி ஏற்றின், உடல் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் பெறும் என்பது அவர் கண்ட முடிவு. 1892 ஜூலை 18ஆம் நாள் தம் உடம்பிலேயே அம்மருந்தை ஏற்றிக்கொண்டார்.

1893இல் கல்கத்தா வந்து இறங்கினார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். விலங்கு நூற் புலவர். ஆதலின் அரசாங்க மருத்துவருட் பலர் அவரை ஐயத்தோடு நோக்கினர். மக்களோ ஊசியைக் கண்டு அஞ்சினர். ஆயினும் இரண்டாண்டு அளவில் நாற்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் அவர் ஊசியை ஏற்றனர். மலேரியாக் காய்ச்சல் அவரைத் தாக்கி, 1895இல் இங்கிலாந்துக்குத் திரும்பச் செய்தது. உடல் தேறியவுடன் மறு ஆண்டே இந்நாட்டிற்கு மீண்டார்.

அவ்வாண்டிலேயே பம்பாயில் பிளேக் என்னும் மாரி தோன்றிற்று. அரசாங்கம் ஹாப்கினை ஆங்கு அனுப்பியது. கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைவழியும், எழுத்தர் ஒருவரும், ஏவலாளர் மூவரும். இவையே அவர் பெற்ற துணை. இறைச்சிச் சாற்றில் பிளேக் கிருமியை வளர்க்கப் புகுந்தவர், அச்சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். நம் வீட்டு அடுப்பங்கரையில் உருகும் அதே நெய்தான். துளிகளைப் பற்றிக்கொண்டு கிருமிகள் விழுதுபோற் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. அவ்வப்போது குலுக்கி வீழ்த்த மீண்டும் விழுது இறங்கும். சில கிழமைகள் சென்றபின் அனைத்தையும் சூடேற்றிக் கொல்வார். செத்த கிருமியோடு அது சாற்றிற் கக்கிய நஞ்சும் மருந்திற் கலந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1897 ஜனவரி 10ஆம் நாள், பின்னாளிற் பிறர்க்கு இட்ட அளவினும் பன்மடங்கு மிக்க அளவைத் தமக்கே ஏற்றிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தார். பின்னர்ப் பைக்குல்லாச் சிறையில் இசைந்து முன்வந்தோர்க்கு ஊசி இட்டபோது, இட்டுக்கொள்ளாதாரிடையே நோயும் சாவும் மிக்கிருந்தமை வெளிப்பட்டது.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். ஆகாகான் என்னும் கோஜா முகம்மதியர் தலைவர், அப்போது இருபது வயது நிரம்பிய இளைஞர், தம் மாளிகை ஒன்றை ஆராய்ச்சிக்கு ஈந்ததோடு, தம் இனத்தார் காண முதலில் தம் கையை நீட்டி ஊசி ஏற்றார். அதன்பின் அவ்வினத்தாருட் பெரும்பகுதியோர் அஞ்சாது முன்வந்தனர். சங்கம் நடத்துவோர் இதனை நினைவிற் கொள்ளத்தகும் என்று யாம் எண்ணுகின்றோம்.

1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில், இன்று பாக்கிஸ்தானைச் சார்ந்த முல்கோவால் என்னும் சிற்றூரில், 107 பேர்க்குப் பிளேக் ஊசி இடப்பட்டது. ஏறத்தாழ ஒரு கிழமை கழித்து அவருட் பத்தொன்பதின்மர்க்குத் தாடை இறுகிற்று. உடல் வில்லென வளைந்தது. நம் முன்னோர் தனுர்வாதம் எனப் பெயரிட்டது இதுவே. பத்தொன்பதின்மரும் மாண்டனர். அனைவரும் 53-என் என்னும் குறியுடைய ஒரே புட்டியினின்று மருந்து ஏற்றவர்.

தனுர்வாதக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் உயிர்த்திருக்கும்; காற்றுப் புகாத புண்ணில் முளைத்து நஞ்சு சுரக்கும்; அந்நஞ்சு நரம்புவழிச் சென்று முதுகுத்தண்டை எட்டும். இக்கிருமியை 1889இல் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியர் பெர்லினிற் பிரித்தெடுத்தார். அது புட்டியுட் புகுந்தது எங்கே? விசாரணைக் குழுவினர், பரேல் நிலையத்திலேயே என்றனர். மருந்தை விரைந்து செய்யும்பொருட்டு ஹாப்கின் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்திருந்தார் என்பதனைக் குற்றமாக எடுத்துக்காட்டினர். அவர் பதவியினின்று விலக்கப்பட்டு, 1904இல் இலண்டன் சென்றார்.

ஆனால் முல்கோவாலில் அன்று நிகழ்ந்தது வேறு. புட்டியின் அடைப்பைப் பிடுங்கும் இடுக்கி தரையில் வீழ்ந்தது. அதனைத் தக்கபடி தூய்மை செய்யாமலே எடுத்துப் பயன்படுத்தினர். புட்டியைத் திறந்தபோது நாற்றம் எதுவும் இல்லை. அம்மருந்து நாற்பத்தொரு நாள் முன்னர் அடைக்கப்பட்டது. அன்றே கிருமி புகுந்திருப்பின், அத்துணை நாளும் வளர்ந்து நஞ்சைக் குவித்திருக்கும், தீநாற்றம் வீசியிருக்கும், ஊசி ஏற்றாரும் ஒரு கிழமை நலமாக உலவியிரார், விரைவில் வீழ்ந்திருப்பர். நாட்கணக்கே அவர் பக்கம் சான்று பகர்ந்தது. அச்சான்றைப் படிக்க விசாரணையாளர்க்கு மனம் இல்லாது போயிற்று. கார்பாலிக் அமிலமும், மருந்திற் சேர்க்கும் சிறிய அளவில், அவ்வித்தைக் கொல்ல வல்லதன்று.

மலேரியா கொசுவாற் பரவுதலைக் கண்ட ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் பதின்மர், 1907 ஜூலையில் இலண்டன் டைம்ஸ் இதழில் ஹாப்கினுக்கு ஆதரவாகக் கையொப்பமிட்டு எழுதினர். லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தாரும் சான்றுகளை ஆராய்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் பழி நீங்கிற்று.

நீங்கியும் பம்பாய் நிலையம் அவருக்கு மீளவில்லை. அவ்விடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். கல்கத்தா ஆராய்ச்சிச்சாலையிற் பணியாற்றி, முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் ஓய்வுபெற்றார். மக்களிடையே மருந்தைச் சோதிக்கும் உரிமை ஆங்கு அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் முறையிற் செய்த பிளேக் மருந்தோ, 1897 தொடங்கி 1925 வரை பம்பாயினின்று இரண்டு கோடியே அறுபது லட்சம் பேர்க்கு மேற்பட அளவில் அனுப்பப்பட்டது. பரேல் கட்டிடத்திற்கு அவர் பெயர் இடப்பட்டபோது அவர் கடல் கடந்து வாழ்ந்திருந்தார். மணம் புரியாதவர், தம் செல்வத்தைக் கிழக்கு ஐரோப்பிய யூதச் சிறுவர்தம் வேதக்கல்விக்கு எழுதிவைத்து, 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டு லாசான் நகரில் உயிர் நீத்தார்.