பவுனாரில் ஒரு மறுப்பு

ஏழைக்கு ஒரு காணி தாருங்கள் என்று பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகக் கேட்ட வாய், 1982 நவம்பரில் உணவு வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று மூடிக்கொண்டது. ஆம், வினோபா பாவேயைத்தான் சொல்கிறோம்.

1895 செப்டம்பர் 11இல் மராட்டியத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர். சான்றிதழ்களைத் தீயிலிட்டுவிட்டு, 1916இல் காந்தியாரிடம் சேர்ந்தவர். 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்துக்குக் காந்தியார் பொறுக்கிய முதல் ஆள். வேலூர்ச் சிறையில் அடைத்தபோது தென்னாட்டு மொழிகளைக் கற்றார். நமக்கு இந்தி புகட்ட வந்தவர்களிடம் காணாத குணம்! 1951 ஏப்ரல் 18இல், தெலங்கானாவின் போச்சம்பள்ளியிலே நூறு ஏக்கர் தானமாகக் கிடைத்தது; பூதானம் பிறந்தது. 1956-57இல் தமிழ்நாட்டிலும் நடந்தார். தானமாக வந்ததில் கல்லும் கரடும் ஏராளம். நெருக்கடி நிலையின்போது அவர் சொன்ன சொல், ஆளவந்தாருக்கு ஆலவட்டமாயிற்று. அதையும் மறப்பதற்கில்லை.

எண்பத்தேழாம் வயதில் மாரடைப்பு. பவுனார் ஆசிரமத்தில் மருத்துவர்கள் சூழ்ந்தனர். வேண்டாமென்றார் கிழவர். நாட்கள் நகர்ந்தன, நவம்பர் 15இல் மூச்சு நின்றது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை தரும் 309ஆம் பிரிவு அன்று சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆயினும் போலீஸ் வரவில்லை. குழாய் செருகி உணவூட்டவும் இல்லை. மறு ஆண்டே பாரத ரத்னா!

சரி, துறவிக்கு இருந்த அந்த உரிமை, பஞ்சுத்தூசியை நுரையீரலில் சுமக்கும் பீளமேட்டு மில் தொழிலாளிக்கு எப்போது வந்தது? 2018 மார்ச் 9இல்! பிழைக்க வழியில்லாத நிலை வந்தால் உயிர்காப்புக் கருவிகள் வேண்டாமென முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஊசி போட்டு உயிர் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்ற கெடுபிடியை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்றார்கள்.

ஆனால் தோழர்களே, வினோபாவைக் கடன்காரன் துரத்தவில்லை. வலிக்கு மார்பின் கிடைக்காமல், தாலியை அடகு வைத்த மனைவியின் முகம் பார்த்து, போதும் என்கிறானே தொழிலாளி, அவன் சாவைத் தேர்ந்தவனா, துரத்தப்பட்டவனா? முதலில் வலி தணியட்டும், ஆஸ்பத்திரிச் செலவு தீரட்டும். அப்புறம் அவனைக் கேளுங்கள், கருவி வேண்டுமா வேண்டாமா என்று. அவன் சொல்லுவதை நோட்டரி எழுதிக்கொள்ளட்டும், அவனுக்கு விளங்கும் தமிழிலே.